ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறதா? பிரேக் காலிப்பரை வீட்டு வாசலில் பிரித்துப் போடும் முறை

ஞாயிற்றுக்கிழமை காலை, நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்துப் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாருங்கள். 13.5 கிலோமீட்டர் பாலத்தில் பிரேக்கை ஓரிரு முறைக்கு மேல் மிதிக்க வேண்டியிருக்காது. அந்தக் கரையில் இறங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், நான்கு விரற்கடை தள்ளியே இருக்கட்டும். முன் சக்கரங்களில் ஒன்று மட்டும் அனலடித்தால், கருகின வாடை வந்தால், அந்தப் பக்கத்து பிரேக் மிதிக்காமலேயே பிடித்துக்கொண்டிருக்கிறது. மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும், ஒரு ரிம்மில் மட்டும் கறுப்புத் தூசி அதிகம் படிவதும் அதே கோளாறின் வேறு அடையாளங்கள்.

இந்த ஊரில் இது அடிக்கடி வருகிறது. கடற்காற்றில் உப்பு, வருடம் முழுக்க ஈரம், மழையில் நனைந்து அப்படியே நாள்கணக்கில் நிற்கும் வண்டிகள். தெலுக் பஹாங், தஞ்சோங் தோக்கோங், பட்டர்வொர்த் என்று கரையோரம் இருப்பவர்களின் வண்டிகளில் காலிப்பர், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை இரண்டு பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகம், இறுகிப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இறுகிய காலிப்பரை மொத்தமாக மாற்றச் சொல்வார்கள். பல நேரம் அது தேவையே இல்லை. மூன்று கட்டமாக இதைப் பிரிக்கலாம். முதல் கட்டம், காலிப்பர் நகர்வதற்கு உதவும் இரண்டு பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்வது. இரண்டாவது, பேடைத் தள்ளும் உருளையான பிஸ்டனை உள்ளே தள்ளிப் பார்ப்பது. மூன்றாவது, பிஸ்டனையே வெளியே எடுத்து அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான சீலை மாற்றுவது. எந்தக் கட்டத்தில் கோளாறு தீர்ந்ததோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நான் கைவைத்தவற்றில் பெரும்பாலானவை முதல் கட்டத்திலேயே சரியாகிவிட்டன. பிஸ்டனைத் தேவையில்லாமல் வெளியே எடுப்பவர் ஓடிக்கொண்டிருந்த பிரேக்குக்குள் காற்றையும் தூசியையும் சேர்த்து விடுகிறார்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்

சாகா, மைவி, ஆக்சியா, பெஸ்ஸா போன்ற நம் வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் மட்டும்தான் டிஸ்க், பின்னால் டிரம். முன்னால் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

பின் சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டிகளில் கைப்பிரேக் அந்தக் காலிப்பருக்குள்ளேயே இருக்கலாம். அப்படிப்பட்ட பிஸ்டன் திருகு மாதிரி சுழன்றுதான் உள்ளே போகும். நேராகத் தள்ளினால் உள்ளே இருக்கும் இயக்கமே உடையும். பொத்தானால் இயங்கும் மின்சாரக் கைப்பிரேக் என்றால் வீட்டில் தொடவே வேண்டாம். இரண்டு பாதிகளை போல்ட் போட்டு இணைத்த பல பிஸ்டன் காலிப்பரையும் அந்த இணைப்பில் பிரிக்காதீர்கள்.

இன்னொன்று. இதுவரை நீங்கள் தனியாக டயர் மாற்றியதில்லை என்றால் முதலில் அதைப் பழகுங்கள். காலிப்பர் அடுத்த மாதம் இருக்கட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம், ஆனால் ஜாக் ஸ்டாண்டு அந்தக் கணக்கில் வராது. அது கட்டாயம். வண்டியோடு வரும் ஜாக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. செங்கல், சிமென்ட் கல் வைத்து வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துளை உள்ள கல் பாரம் தாங்காமல் ஒரே நொடியில் நொறுங்கும், முன்னறிவிப்பே இருக்காது. ஜாக் ஸ்டாண்டு வாங்கக் கைவரவில்லை என்றால் யாரிடமாவது இரவல் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

மற்றபடி 12, 14, 17 மி.மீ. ஸ்பானர்கள், பிளீடர் நிப்பிளுக்கு (காற்றையும் எண்ணெயையும் வெளியேற்றக் காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகு) 8 அல்லது 10 மி.மீ. வளைய ஸ்பானர், தச்சர்கள் பயன்படுத்தும் ஜி கிளாம்ப் ஒன்று, கம்பித் தூரிகை, பழைய துணி மாட்டும் கம்பி, ஒரு தட்டு, ஒரு வாளித் தண்ணீர். மீன் தொட்டிக்குக் காற்று போகும் தெளிவான குழாய் ஒரு முழம் போதும், பிரேக்கிலிருந்து காற்றெடுக்க அது பயன்படும். நிப்பிளில் ஏறாவிட்டால் முனையை வெந்நீரில் முக்கினால் இளகி ஏறிக்கொள்ளும். மருந்துக் கடையில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு ஒன்று. சாத்தே குச்சி நாலைந்து எடுத்து வையுங்கள். உலோகத்தைக் கீறாமல் சீலை நெம்பி எடுக்க மூங்கில் குச்சியைப் போல ஒன்று இல்லை.

கடையில் வாங்க வேண்டியவை: பிரேக் கிளீனர் ஒரு டின், பிரேக்குக்கு என்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ், சீல் உடைக்காத புதிய பிரேக் எண்ணெய். மூன்றாம் கட்டம்வரை போக வேண்டியிருக்கலாம் என்று தோன்றினால் காலிப்பர் சீல் கிட்டும் இரண்டு செப்பு வாஷர்களும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். உதிரிப்பாகக் கடைக்கு வண்டியின் கிராண்டை (பதிவுப் பத்திரத்தை) எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடல் வண்டியிலேயே வருடத்துக்கு வருடம் காலிப்பர் மாறியிருக்கலாம். சேசிஸ் எண்ணைப் பார்த்துத் தரும் கடைதான் சரியான கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு, கடை மூடியிருக்கிறதே என்று நிற்கும் நிலை வரக் கூடாது.

தூக்கி நிறுத்துதல்

சமமான சிமென்ட் தரை வேண்டும். போர்ச் சரிவாக இருந்தால் அங்கே செய்யாதீர்கள். கைப்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். ஸ்டாண்டு வைத்ததும் வண்டியை ஒருமுறை நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் கை வைக்கும் முன்பே விழட்டும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினால் காலிப்பரின் பின்பக்க போல்ட்டுகள் வெளியே தெரியும். கைபேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். இடப்பக்கத்தை முடித்த பிறகுதான் வலப்பக்கம். பிரிக்காத பக்கம் உங்களுக்கு மாதிரியாக இருக்கும்.

பிரேக் தூசியை ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய பேடுகளில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. பிரேக் கிளீனரோ தண்ணீரோ தெளித்து நனைத்துத் துடைத்தெடுங்கள்.

பிரிக்கும் முன் ஒரு சோதனை

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கோளாறு காலிப்பரில்தானா என்று தெரியாமல் காலிப்பரைப் பிரிப்பதில் பயனில்லை.

சக்கரத்தைக் கழற்றிய பிறகு இரண்டு நட்டுகளை மாட்டி டிஸ்க்கை நிலையாகப் பிடிக்கச் செய்து, கையால் சுற்றிப் பாருங்கள். வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதித்து விடச் சொல்லி, மறுபடியும் சுற்றுங்கள். லேசான உரசல் இருக்கலாம். சுற்றவே முடியாமல் பிடித்திருந்தால், பிளீடர் நிப்பிளில் குழாயை மாட்டி மறுமுனையை போத்தலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். எண்ணெய் பீய்ச்சிவிட்டு டிஸ்க் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று பொருள். கோளாறு பெரும்பாலும் காலிப்பருக்கு எண்ணெய் கொண்டுவரும் ரப்பர் குழாயான ஓசில், உட்சுவர் வீங்கி வழியை அடைத்திருக்கும், அல்லது மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில். அதற்குக் காலிப்பரைப் பிரித்துப் பயனில்லை. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பின் அல்லது பிஸ்டன் இறுகியிருக்கிறது. நிப்பிளை மூடிவிட்டு மேலே போகலாம்.

நிப்பிள் துருவேறி அசையாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மறுநாள் சின்னச் சுத்தியலால் தட்டிக் கொடுத்து, வளைய ஸ்பானரால் முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள். திறந்த வாய் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும். முறிந்த நிப்பிளை வீட்டில் எடுக்க முடியாது.

முதல் கட்டம்: பின்கள்

காலிப்பரின் பின்பக்கம் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு போல்ட், பெரும்பாலும் 12 அல்லது 14 மி.மீ. போல்ட்டோடு சேர்ந்து பின்னும் சுழன்றால் இன்னொரு மெல்லிய ஸ்பானரால் பின்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கழற்றிக் காலிப்பரை வெளியே இழுத்து, துணி மாட்டும் கம்பியால் மேலே உள்ள ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஓசின் பாரத்தில் தொங்கவே கூடாது, உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது.

பேடுகளை எடுத்துப் பாருங்கள். அவை சொல்லும் கதையைக் கேளுங்கள். பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் பிஸ்டன் திரும்ப மறுக்கிறது. வெளிப்பக்கப் பேடு மட்டும் தேய்ந்திருந்தாலும், ஒரு பேடு மேலே தடித்துக் கீழே மெலிந்து ஆப்பு மாதிரி இருந்தாலும், பின்களில் ஒன்று அசையவில்லை.

இப்போது பின்களைச் சுழற்றி இழுங்கள். எது மேல், எது கீழ் என்று குறித்து வையுங்கள். சில வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் சின்ன ரப்பர் இருக்கும். இடம் மாறினால் அதுவே புதுக் கோளாறாகும். பழைய கிரீசை பிரேக் கிளீனரால் கழுவி எடுங்கள். துளைக்குள் சாத்தே குச்சியில் துணி சுற்றி விட்டு, துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை துடையுங்கள். பின்னில் இருக்கும் மேல்துருவை மெல்லிய உப்புத்தாளால் எடுக்கலாம், குழி விழுந்திருந்தால் பின்னையே மாற்றுங்கள்.

கிரீஸ் விஷயத்தில் நான் ஒரு பாடம் படித்தேன். முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது வீட்டில் கிடந்த சாதாரண சேசிஸ் கிரீசைப் பூசிவிட்டேன். பின் வழுக்கிக்கொண்டு போனது, மனசும் நிறைந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து அம்மாவை ஏற்றிக்கொண்டு பாலிக் புலாவிலிருந்து துன் சார்டோன் மலைச்சாலையில் இறங்கும்போது புகைவாடை. ஓரங்கட்டிப் பார்த்தால் அதே சக்கரம். பிரித்தபோது பின்னைச் சுற்றியிருந்த ரப்பர் கொழகொழவென்று வீங்கிப் பின்னைக் கவ்வியிருந்தது. பாகானில் எனக்குத் தெரிந்த ஃபோர்மேன் அண்ணன் அதை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, பிரேக் ரப்பருக்கு பெட்ரோல் சாதி எதுவும் ஆகாது. கிரீஸ், மண்ணெண்ணெய், இன்ஜின் எண்ணெய், டபிள்யூடி-40 எதுவும் கிட்ட கொண்டுபோகாதே" என்றார். அம்மா வண்டியில் இருந்த நாள் என்பதால் அந்தச் சொல் எனக்கு மறக்கவே இல்லை.

பிரேக்கின் ரப்பர் பாகங்கள் பெரும்பாலும் இபிடிஎம் என்ற வகை. அது பிரேக் எண்ணெயைத் தாங்கும், கனிம எண்ணெயில் ஊறி வீங்கும். ஆகவே சிலிக்கோன் கிரீஸ் மட்டும், அதுவும் மெல்லிய பூச்சாக. அள்ளி அப்பினால் துளையின் அடியில் கிரீசும் காற்றும் அடைபட்டு பின்னை வெளியே தள்ளும். பின்னைச் செருகியதும் ரப்பர் உறையின் வாயை லேசாக விரித்துக் காற்றை வெளியேற்றுங்கள். விரல் நுனியால் தள்ளினாலே பின் உள்ளே வெளியே போய்வர வேண்டும்.

பேடு உட்காரும் தகடுகளையும் கழற்றிப் பாருங்கள். தகட்டுக்கு அடியில், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் துரு திரண்டால் அது தகட்டைத் தூக்கிப் பேடைக் கவ்வும். கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். பிராக்கெட்டைக் கழற்றினால் தேய்க்க வசதி, அதன் போல்ட் பெரும்பாலும் 17 மி.மீ., நல்ல இறுக்கமாக இருக்கும். பேடு கையழுத்தத்திலேயே வழுக்கிப் போனால் சரி.

இரண்டாம் கட்டம்: பிஸ்டனைத் தள்ளிப் பார்ப்பது

பானெட்டைத் திறந்து பிரேக் எண்ணெய்த் தொட்டியைப் பாருங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது எண்ணெய் மேலே ஏறி வழியும், ஆகவே சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பிரேக் எண்ணெய் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஒரு சொட்டு விழுந்தாலும் துடைப்பதோடு விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வாளித் தண்ணீர் அதற்குத்தான்.

பழைய பேடு ஒன்றைப் பிஸ்டன் மீது வைத்து, ஜி கிளாம்பால் மெதுவாகத் தள்ளுங்கள். பிளீடரில் குழாய் மாட்டி, திறந்து வைத்துத் தள்ளினால் அடியில் தேங்கிய அழுக்கு எண்ணெய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பக்கம் திரும்பிப் போகாமல் போத்தலுக்கு வந்துவிடும். கிளாம்ப் நிற்பதற்கு முன் பிளீடரை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று உள்ளே போகும்.

இரண்டு விரலால் கிளாம்பைத் திருகும்போது பிஸ்டன் சீராக உள்ளே போனால், பிஸ்டனின் வாயைச் சுற்றியிருக்கும் தூசி ரப்பர் கிழியாமல் உலர்ந்திருந்தால், பிஸ்டனில் கோளாறு இல்லை. எல்லாவற்றையும் மாட்டி, பிளீடரைத் திறந்ததால் கடைசியில் சொல்லப்போகிறபடி காற்றை மட்டும் எடுத்துவிட்டு, சக்கரத்தைப் போடுங்கள். முழுப் பலம் கொடுத்துத் திருக வேண்டியிருந்தாலும், பாதியில் முட்டி நின்றாலும், ரப்பரைத் தூக்கிப் பார்க்கும்போது உள்ளே எண்ணெய் ஈரமோ துருவோ இருந்தாலும் மூன்றாம் கட்டம்.

மூன்றாம் கட்டம்: பிஸ்டனை வெளியே எடுப்பது

பட்டறையில் கம்ப்ரஸர் காற்றால் தள்ளுவார்கள். வீட்டில் அதைச் செய்யாதீர்கள், பிஸ்டன் உண்டைபோல் பாயும். உங்களிடம் அதைவிட நல்ல கருவி இருக்கிறது, வண்டியின் பிரேக் மிதியேதான். ஓசைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கழற்றிவிட்டால் அழுத்தம் போய்விடும்.

முதலில் காலிப்பரை இடத்தில் வைத்து போல்ட் இறுக்கி, ஓசைப் பிடித்திருக்கும் பேஞ்சோ போல்ட்டை ஒருமுறை தளர்த்தி மறுபடியும் இறுக்கிவிடுங்கள். பிறகு தொங்கும் காலிப்பரில் அதைத் தளர்த்துவது பெரும் பாடு. எண்ணெய்த் தொட்டியை மேல்கோடு வரை நிரப்புங்கள். காலிப்பரைக் கழற்றி, பேடுகளை எடுத்துவிட்டு, பிஸ்டனுக்கும் எதிரில் இருக்கும் தாடைக்கும் நடுவில் 20 மி.மீ. தடிமன் பலகைத் துண்டை வையுங்கள்.

மிதிக்கு ஒருவர் வேண்டும். மிதிக்கு அடியிலும் ஒரு கட்டையைப் போட்டு, அது தரைவரை போகாமல் தடுங்கள். பழைய வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு இருக்கும், அங்கே போனால் அதன் ரப்பர் கிழிந்துவிடும். "மெதுவா மிதி", "விடு" என்ற இரண்டு சொல் மட்டும் பேசுங்கள். நீங்கள் சொல்லாமல் மிதிக்கக் கூடாது. உங்கள் விரல் அந்த இடைவெளிக்குள் ஒரு கணமும் போகக் கூடாது, காலின் ஒரே மிதி விரல் எலும்பை நசுக்கப் போதும்.

ஒவ்வொரு மிதிக்கும் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். இரண்டு மிதிக்கு ஒருமுறை தொட்டியைப் பாருங்கள், காலியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போகும். பலகையில் பிஸ்டன் முட்டியதும் நிறுத்தி, கையால் சுழற்றி இழுக்க வருகிறதா பாருங்கள். வராவிட்டால் மெல்லிய பலகையை மாற்றி வைத்து இன்னும் சிறிது மிதிக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் முழுக்க விழுந்துவிடாமல் வாயில் நிற்க வேண்டும்.

இப்போது மிதியை இரண்டு விரற்கடை அழுத்தி, அதற்கும் இருக்கைக்கும் நடுவே குச்சி கொடுத்து அப்படியே நிறுத்துங்கள். தொட்டியிலிருந்து எண்ணெய் இறங்கும் துளை மூடிக்கொள்ளும், ஓசைக் கழற்றினாலும் எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருக்காது. பிரேக் விளக்கு எரிந்தபடி இருக்கும் என்பதால் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வையுங்கள். ஓசைக் குறட்டால் நெரித்து அடைக்கும் பழக்கம் வேண்டாம், உட்சுவர் கிழியும்.

தட்டை அடியில் வைத்து பேஞ்சோ போல்ட்டைக் கழற்றுங்கள். ஓசின் இருபுறமும் இருந்த செப்பு வாஷர்களைக் குப்பையில் போடுங்கள், நசுங்கிய செம்பு இரண்டாம் முறை சரியாக அடைக்காது. ஓசின் முனையில் சுத்தமான கையுறை விரலை மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு மேல் நோக்கிக் கட்டுங்கள். காலிப்பரைத் தட்டின் மேல் பிடித்து, துணியால் பிஸ்டனைப் பற்றிச் சுழற்றி இழுத்தால் வந்துவிடும்.

சீல், பிஸ்டன், சுத்தம்

காலிப்பரின் உட்சுவரில் ஒரு பள்ளம் ஓடும். அதற்குள் சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம்தான் சீல். எண்ணெயைத் தடுப்பது அதன் பாதி வேலை. மிதிக்கும்போது அது பிஸ்டனைக் கவ்வியபடி முன்னால் வளையும், விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் இம்மியளவு பின்னால் இழுத்துக்கொள்ளும். பிஸ்டனைத் திரும்ப இழுக்க இந்தக் காலிப்பரில் வேறு ஸ்பிரிங் கிடையாது. சீல் வறண்டு கெட்டியானால் இழுக்கும் சக்தி போய்விடும், பேடு டிஸ்க்கைத் தேய்த்தபடியே இருக்கும். உங்கள் சக்கரம் சூடானது இதனாலும் இருக்கலாம்.

சாத்தே குச்சியால் சீலைக் கிளப்பி எடுங்கள். திருப்புளி வேண்டாம், பள்ளத்தின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் புதுச் சீலும் ஒழுகும். பள்ளத்தில் படிந்த கசடை குச்சியில் துணி சுற்றி எடுங்கள், உப்புத்தாள் அங்கே கூடாது. பள்ளத்தின் அடியில் துரு திரண்டால் அது சீலை உயர்த்திப் பிஸ்டனை இறுக்கும், ஆகவே இங்கே பொறுமையாக இருங்கள். நான் இதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குவேன்.

சீல் உரசுவது பிஸ்டனின் மேற்பரப்பில். உட்சுவரில் லேசான கறை இருந்தால் பெரிதாகப் பாதிக்காது, பிஸ்டனில் இருந்தால் பாதிக்கும். நகத்தைப் பிஸ்டன் மீது நீளவாக்கில் ஓட்டுங்கள். குழி தட்டினால், குரோம் உரிந்திருந்தால் புதுப் பிஸ்டன் வாங்குங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடியும் மாட்டும் சிக்கனம் பிரேக்கில் வேண்டாம்.

கழுவுவதற்குப் புதிய பிரேக் எண்ணெயோ ஐசோபுரொபைல் ஆல்கஹாலோ பயன்படுத்துங்கள். பிரேக் கிளீனரை உலோகத்துக்கு மட்டும் அடித்து முழுக்க உலரவிடுங்கள். நூல் உதிராத துணியால் துடையுங்கள், டிஷ்யூத் தாள் இழையை விட்டுச் செல்லும்.

திரும்ப மாட்டுதல்

புதுச் சீலைப் புதிய பிரேக் எண்ணெயில் நனைத்துப் பள்ளத்தில் அமர்த்தி, விரலை ஒரு சுற்று ஓட்டுங்கள். முறுக்கு இருந்தால் விரலுக்குத் தெரியும். தூசி ரப்பர் வண்டிக்கு வண்டி வேறுபடும். பல வண்டிகளில் அதை முதலில் பிஸ்டனில் மாட்டி, அதன் உதட்டைக் காலிப்பரின் வெளிப் பள்ளத்தில் அமர்த்திய பிறகு பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். நீங்கள் எடுத்த படமும் பிரிக்காத பக்கமும் இங்கே கைகொடுக்கும்.

பிஸ்டனை எண்ணெயில் நனைத்து இரண்டு கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். சாய்ந்தால் நிறுத்தி வெளியே எடுத்து மறுபடியும் தொடங்குங்கள். தொடக்கத்திலேயே கிளாம்ப் கேட்டால் சீல் முறுக்கியிருக்கிறது என்று பொருள். பாதிக்கு மேல் போன பிறகு கிளாம்ப் போடலாம்.

பேஞ்சோ போல்ட்டில் ஓசுக்கு முன்னும் பின்னும் புதுச் செப்பு வாஷர். ஓசு முறுக்கிக்கொள்ளாமல், ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பும்போது டயரில் உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்களின் போல்ட் சிறியது, பல வண்டிகளில் 30 நியூட்டன் மீட்டர் அளவுதான். பிராக்கெட் போல்ட் 100ஐ ஒட்டி வரும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும் எண்ணே இறுதி. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றை இந்த வேலைக்காகவாவது இரவல் வாங்குங்கள். இரண்டு காலிப்பரும் கழன்றிருந்து இடம் மாறிவிட்டால் பிளீடர் கீழே வந்துவிடும், காற்று வெளியேறவே செய்யாது. பிளீடர் எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

காற்றெடுத்தல்

குச்சியை எடுத்துவிட்டு, பேட்டரியை மாட்டி, தொட்டியை நிரப்புங்கள். மிதிக்கு அடியில் போட்ட கட்டை மட்டும் அப்படியே இருக்கட்டும். குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனை போத்தலில் கொஞ்சம் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கட்டும். உதவியாளர் மிதித்துப் பிடிக்க, நீங்கள் திறக்க, காற்றும் எண்ணெயும் வந்ததும் நீங்கள் மூட, அதன் பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை ஒருமுறை பிசகினாலும் குழாய் வழியே பழையதெல்லாம் திரும்ப உறிஞ்சப்படும். நடுநடுவே காலிப்பரை மரப்பிடியால் தட்டினால் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழ்கள் மேலே வரும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை தொட்டியைப் பார்த்து நிரப்புங்கள். குமிழே இல்லாமல் எண்ணெய் வரும்வரை தொடருங்கள்.

எண்ணெய் வகை தொட்டி மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4 இரண்டும் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சுபவை. ஈரமில்லாத டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த அளவு 140. டாட் 4க்கு 230, ஈரம் ஏறியபின் 155. மலையிறக்கத்தில் காலிப்பர் சூடேறி எண்ணெய் கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி நசுங்கும், மிதி தரைக்குப் போகும். நம் ஊர் ஈரக் காற்றில் பாதி தீர்ந்து மூடி திறந்து கிடந்த போத்தலை எடுத்து ஊற்றாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

ஓட்டும் முன்

இன்ஜின் அணைந்திருக்கும்போது மிதியைப் பலமுறை அழுத்துங்கள். மேலேயே கெட்டியாக நிற்க வேண்டும். அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இன்ஜினை இயக்கும் கணத்தில் மிதி கொஞ்சம் தாழ்ந்து நிற்பது, மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரின் வேலை, அது இயல்புதான். பேஞ்சோ போல்ட்டிலும் நிப்பிளிலும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள், ஈரம் இருந்தால் தெரிந்துவிடும்.

மிதி பஞ்சு மாதிரி இருந்தால் மறுபடியும் காற்றெடுங்கள். ஒரு போத்தல் எண்ணெய் முழுக்கத் தீர்ந்தும் அப்படியே இருந்தால், அல்லது போல்ட் மரை வழுக்கினால், வண்டியை ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஃபோர்மேனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் இழுவை வண்டி.

எல்லாம் சரியாக இருந்தால் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) நடை வேகத்தில், கைப்பிரேக்கில் கை வைத்தபடி நான்கைந்து முறை நிறுத்திப் பாருங்கள். பிறகு சமதரைச் சாலை. முதல் நாளே துன் சார்டோன் பக்கம் போக வேண்டாம். மறுநாள் காலை தொட்டியின் அளவையும் சக்கரத்தின் உட்பக்கத்தையும் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடியும் இறுக்குங்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடிய போத்தலில் பெயர் எழுதி, பழைய எண்ணெயை வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். அதைப் பழைய குடிநீர்ப் போத்தலில் வைத்திருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், பார்ப்பதற்கு வெளிறிய தேநீர் மாதிரியே இருக்கும்.